துன்புறும் பிள்ளைக்குத் துணை யார்?

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடையில் பேசுவோர் சமய நெறியையோ தமிழின் சிறப்பையோ பொருளாக எடுத்துக்கொள்வது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணை இனிமையானதன்று. பெற்ற தாயினாலோ தகப்பனாலோ கொடுமைக்குள்ளாகும் 13, 15, 17 வயதுப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வது என்பதே அப்பொருள். விழா நாளிலே இது வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் இளைஞரும் முதியோரும் இந்த மண்டபத்தில் ஒருங்கே அமர்ந்திருக்கும் நாள் இதுதான். சொல்ல வேண்டிய பிள்ளையும் கேட்க வேண்டிய பெரியவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது பேசாமல் வேறு எப்போது பேசுவது?

நமது பிள்ளைகள் சிறுவயதிலேயே படிக்கும் கொன்றைவேந்தன், பெற்றோரைத் தெய்வமாகப் போற்றச் சொல்லித்தான் தொடங்குகிறது. அது நல்ல பாடம். அதை நாம் கைவிடப் போவதில்லை. எனினும், அந்த நல்ல பாடத்தைச் சுற்றி வேறு சில பேச்சுகளும் வளர்ந்துவிட்டன. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பது ஒன்று. "வீட்டுச் சங்கதி வேலி தாண்டக் கூடாது" என்பது மற்றொன்று. "தகப்பன் அடிக்காமல் வேறு யார் அடிப்பது?" என்பது மூன்றாவது. இரவிலே அயல் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையின் அலறல் கேட்கிறது. பலர் எழுந்து படலையைத் திறப்பதில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள். மறுநாள் அந்தப் பிள்ளை நீண்ட கைச் சட்டை அணிந்து பாடசாலைக்குப் போகிறது. எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கேட்பதில்லை. தன் பெற்றோரைக் காட்டிக்கொடுப்பது பாவம் என்று பிள்ளை எண்ணுகிறது. அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடுவது மரியாதையன்று என்று ஊர் எண்ணுகிறது. இவ்விரண்டு எண்ணங்களுக்கும் நடுவே அகப்பட்டு அந்தப் பிள்ளை நொந்துபோகிறது.

நமது சமயம் இதைப்பற்றி என்ன சொல்லுகிறது? பிரகலாதன் கதையை இங்கே அறியாதார் இலர். அதனைப் பக்திக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். பெற்ற தகப்பனாலேயே வதைக்கப்பட்ட ஒரு சிறுவனின் கதையாகவும் அதனை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இரணியகசிபு தன் மகனை யானையின் காலில் இடச் செய்தான், நஞ்சூட்டினான், மலையிலிருந்து தள்ளுவித்தான். இவ்வளவுக்கும் பிறகு, "தகப்பன் சொல்லைக் கேளாத மகன்தான் குற்றவாளி" என்று நமது பெரியோர் எவரேனும் தீர்ப்புச் சொன்னதுண்டா? இல்லை. தகப்பன் என்ற உறவு கொடுமைக்கு உரிமைச் சீட்டன்று என்பதே அந்தக் கதை சொல்லும் தீர்ப்பு.

அக்கதையிலே இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. பிரகலாதனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த சண்டன், அமர்க்கன் என்னும் இரு ஆசிரியர்களும் பிள்ளையின் பக்கம் நிற்கவில்லை. அரசனுக்கு அஞ்சி அவனிடமே முறையிட்டார்கள். ஆனால் பிரகலாதன் பிறப்பதற்கு முன்னரே, கதியற்று நின்ற அவனுடைய தாய் கயாதுவை நாரத முனிவர் தமது ஆச்சிரமத்துக்கு அழைத்துச் சென்று புகலிடம் கொடுத்தார். ஆகவே, துன்பப்படும் பிள்ளையின் முன்னே நாம் இரண்டு விதமாக நடக்கலாம். சண்டாமர்க்கரைப்போல் பிள்ளையைத் திருப்பி ஒப்படைத்துவிடலாம். நாரதரைப்போல் கதவைத் திறக்கலாம். எந்த வழி சமய வழி என்பதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் கொடுமை என்பது யாது என்று தெளிவாக்கிக்கொள்வோம். பரீட்சைக்குப் படிக்காத மகனைக் கடிந்துகொள்வதும், இருட்டிய பின் வெளியே போகாதே என்று மகளைத் தடுப்பதும், கைத்தொலைபேசியை வாங்கி வைப்பதும் கொடுமையல்ல. அவை பிள்ளைக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் அவற்றில் அக்கறை உண்டு. காயம் உண்டாக அடிப்பது, சூடு வைப்பது, கட்டிப்போடுவது ஆகியவை கொடுமை. உணவு கொடாமல் வைப்பதும், நோயுற்ற பிள்ளையை வைத்தியரிடம் காட்டாமல் விடுவதும், பாடசாலையை நிறுத்தி வேலைக்கனுப்புவதும் கொடுமை. "நீ ஏன் பிறந்தாய், செத்துப்போ" என்று நாள்தோறும் சொல்லிச் சொல்லி மனத்தைக் கொல்வதும் கொடுமை. தகப்பனோ, சிற்றப்பனோ, மாமனோ, தமையனோ, வீட்டில் உள்ள வேறு எவரோ பிள்ளையின் உடலைத் தகாத முறையில் தொடுவது கொடுமைகளுள் மிகப் பெரிது. இதில் ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. ஆண்பிள்ளைகளும் இத்துன்பத்துக்கு ஆளாகின்றார்கள்; வெட்கத்தினால் அவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

பிள்ளை தனக்குத் தானே கேட்டுக்கொள்வதற்கு எளிய அடையாளம் ஒன்று உண்டு. "என்னைத் திருத்துவதற்காகச் செய்கிறார்களா, அல்லது தங்கள் கோபம் தீரச் செய்கிறார்களா? வீட்டுக்குப் போகும் நேரம் நெருங்க நெருங்க என் வயிறு கலங்குகிறதா?" இக்கேள்விக்கு "ஆம்" என்று விடை வருமாயின், அதை ஒருவரிடம் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது.

நாட்டின் சட்டம் இவ்விஷயத்தில் பிள்ளையின் பக்கமே நிற்கிறது. 1939 ஆம் ஆண்டிலேயே சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991 ஆம் ஆண்டில் ஏற்று உறுதிசெய்தது. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைச் சட்டக் கோவையில் 308அ என்னும் பிரிவைச் சேர்த்தது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும், அப்பிள்ளைக்குத் துன்பமோ உடல்நலக் கேடோ விளையத்தக்க வகையில் வேண்டுமென்றே தாக்கினால், கொடுமைப்படுத்தினால், பராமரியாது விட்டால், கைவிட்டால், அது குற்றம் என்று அப்பிரிவு கூறுகின்றது. மனத்தைப் பேதலிக்கச் செய்வதும் அதில் அடங்கும். தண்டனை 2 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை. பொறுப்பில் வைத்திருப்பவர் என்ற சொல்லில் பெற்றோரும் அடங்குவர் என்பதை நாம் மறத்தலாகாது.

சரி, சட்டம் இருக்கிறது. பிள்ளை எந்தக் கதவைத் தட்டுவது? ஒவ்வொன்றாகச் சொல்லுகிறோம். இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்; உங்களுக்கு இல்லாவிட்டாலும் உங்கள் தோழன் ஒருவனுக்கு உதவும்.

முதலாவது கதவு, நம்பத்தக்க ஒரு பெரியவர். அம்மம்மாவாக இருக்கலாம்; பெரியம்மாவாக, மாமாவாக, தோழனின் தாயாக இருக்கலாம். பெற்றோருள் ஒருவர் கொடுமை செய்ய மற்றவர் செய்வதறியாது தவிப்பதும் உண்டு, அவரிடமும் சொல்லலாம். முதலில் சொன்னவர் நம்பாவிட்டால், "சும்மா இரு" என்று வாயை அடைத்துவிட்டால், அத்துடன் நின்றுவிட வேண்டாம். இரண்டாமவரிடம் சொல்லுங்கள், மூன்றாமவரிடம் சொல்லுங்கள். கேட்கும் ஒருவர் கிடைக்கும் வரை சொல்லுங்கள்.

இரண்டாவது கதவு, பாடசாலை. வகுப்பாசிரியர், ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பாசிரியர், அதிபர் ஆகிய மூவரில் யாரிடம் உங்களுக்கு நெருக்கம் உண்டோ அவரிடம் போகலாம். பிள்ளை நாளில் அரைப்பங்கு நேரம் வீட்டுக்கு வெளியே இருக்கும் இடம் பாடசாலை ஒன்றுதான். வீட்டில் தொலைபேசியைத் தொட முடியாத பிள்ளையும் அங்கே வாய் திறக்கலாம்.

மூன்றாவது கதவு, 1929 என்னும் தொலைபேசி இலக்கம். இதனை நடத்துவது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. சிறுவர் வைத்தியப் பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா அவர்களைத் தலைவராகக் கொண்டியங்கிய ஜனாதிபதி செயலணியின் முயற்சியைத் தொடர்ந்து, 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தினால் அச்சபை அமைக்கப்பட்டது. அவரே அதன் முதற்றலைவருமானார். 1929 ஐ இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்; கட்டணம் இல்லை; தமிழிலேயே பேசலாம். பிள்ளையும் அழைக்கலாம், பிள்ளைக்காக வேறொருவரும் அழைக்கலாம். பெயரைச் சொல்ல அஞ்சுவோர் சொல்லாமலே முறையிடலாம். எந்த ஊர், எந்த வீடு, என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாகச் சொன்னால், அவ்விடத்துச் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தருக்கோ பொலிசாருக்கோ செய்தி போகும்.

நான்காவது கதவு, பிரதேச செயலகம். அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் ஏறி இறங்கும் அதே கட்டடந்தான். இந்த அலுவலுக்கும் அங்கே போகலாம் என்பதைப் பலர் அறியார். இதனோடு சேர்த்து அறிய வேண்டியவர் நன்னடத்தை உத்தியோகத்தர். பெயரைக் கேட்டு, கெட்ட பிள்ளைகளைத் திருத்துபவர் போலும் என்று எண்ணிவிடாதீர்கள். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் என்பது அத்திணைக்களத்தின் முழுப் பெயர். துன்புற்ற பிள்ளையின் நிலைமையை விசாரித்து, அது எங்கே யாருடன் வாழ்ந்தால் நலம் என்று நீதவானுக்கு அறிக்கை கொடுப்பவர் அவரே.

ஐந்தாவது கதவு, பொலிஸ் நிலையத்திலுள்ள சிறுவர், மகளிர் பிரிவு. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் 119 ஐ அழைக்க வேண்டும். காயம் பட்டிருந்தால் 1990 ஐ அழைத்தால் நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும்.

ஆறாவது கதவு, அரசினர் வைத்தியசாலை. காயத்தைக் கட்டுவதுடன் அங்கே வேலை முடிந்துவிடுவதில்லை. எப்படி ஏற்பட்டது என்று வைத்தியர் கேட்கும்போது "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாமல் உண்மையைச் சொன்னால், அது பதிவாகும். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். அந்த அறிக்கை நீதிமன்றில் பிள்ளைக்காகப் பேசும். பல வைத்தியசாலைகளில் வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்றே "நட்பு நிலையம்" என்னும் பகுதியொன்று உண்டு. உடல் தீண்டப்பட்ட பிள்ளையை மூன்று நாட்களுக்குள், இயன்றால் அன்றைக்கே, வைத்தியசாலைக்குக் கொண்டுபோதல் வேண்டும். நோயைத் தடுக்கும் மருந்துகள் பயன்படுவது அந்நேரத்துக்குள்ளேதான்.

மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் வரும் பிள்ளைக்கு மேலும் ஒரு சொல். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். 1974 ஆம் ஆண்டு முதல் தொண்டாற்றிவரும் சுமித்ரயோ போன்ற அமைப்பினரும் பொறுமையாகக் கேட்பர். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் உளவளத்துணைப் பணி செய்துவருகின்றது. அந்த எண்ணம் வந்த இரவிலே தனியே இருக்காதீர்கள், ஒருவரைக் கூப்பிடுங்கள்.

"நான் சொன்னால் என்னைக் கொண்டுபோய்ச் சிறுவர் இல்லத்தில் அடைத்துவிடுவார்களே" என்ற பயம் பிள்ளைகளிடம் உண்டு. இப்பயந்தான் பல வாய்களைப் பூட்டி வைத்திருக்கிறது. உண்மை யாதெனில், இல்லம் என்பது கடைசி வழி. பொருத்தமான உறவினர் ஒருவரிடம் பிள்ளையை ஒப்படைக்க நீதிமன்றம் கட்டளையிடலாம். மேலும், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பிள்ளைக்காகப் பெற்றோருள் ஒருவரோ, பாதுகாவலரோ, பிள்ளை யாருடன் வாழ்கின்றதோ அவரோ, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை எழுத்து மூலம் அதிகாரமளித்தவரோ, பொலிஸ் உத்தியோகத்தரோ விண்ணப்பிக்கலாம். கொடுமை செய்தவர் வீட்டுக்குள் நுழையலாகாது என்றுகூட நீதவான் கட்டளையிடலாம். ஆகவே வீட்டை விட்டுப் போக வேண்டியவர் எப்போதும் பிள்ளைதான் என்பதில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது.

இல்லந்தான் வழி என்றாகிவிட்டாலும் அது சிறையன்று. தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்தைச் சார்ந்து, சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள் கண்போற் காத்து வளர்த்த துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நாம் அறிவோம். கோயிலின் வருவாய் ஆதரவற்ற பெண்பிள்ளைகளின் சோறாகவும் புத்தகமாகவும் மாறலாம் என்பதை அந்த அம்மையார் செய்து காட்டினார்.

தம்பிமாரே, தங்கைமாரே, நீங்கள் செய்ய வேண்டாதவையும் சில உண்டு. கோபத்தில் திருப்பி அடிக்காதீர்கள். அதனால் உங்கள் பக்கத்து நியாயம் மறைந்துபோகும். முகம் அறியாத ஒருவர் கைத்தொலைபேசியில் ஆறுதல் சொல்லி "என்னிடம் வந்துவிடு" என்று அழைத்தால் நம்பிப் போகாதீர்கள். ஒரு துன்பத்திலிருந்து தப்பப் போய் அதனினும் பெரிய துன்பத்தில் வீழ்ந்தவர்கள் உண்டு. வீட்டிலிருந்து தப்பவே வேண்டிய இரவு வந்தால், பஸ் ஏறிக் கொழும்புக்குப் போகாதீர்கள். அயலிலுள்ள உறவினர் வீட்டுக்கோ, ஆசிரியர் வீட்டுக்கோ, பொலிஸ் நிலையத்துக்கோ போங்கள். என்ன நடந்தது, எந்த நாளில் நடந்தது என்பதைப் பெற்றோர் கண்ணில் படாத ஓரிடத்தில் குறித்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "என் குற்றந்தான்" என்று எண்ணாதீர்கள். குறைந்த புள்ளி எடுத்தது தவறாக இருக்கலாம். அதற்குச் சூடு வைத்தது உங்கள் தவறன்று.

இனி, பெரியோர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரு பிள்ளை உங்களிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொல்லுமானால், "நீ என்ன செய்தாய்?" என்ற கேள்வியை முதலிற் கேளாதீர்கள். அந்த ஒரு கேள்வியில் பிள்ளையின் வாய் மூடிவிடும். "சொன்னது நல்லது, இது உன் பிழையில்லை" என்று சொல்லுங்கள். "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் பண்ணிக்கொடாதீர்கள். உதவக்கூடியவரிடம் சொல்லாமல் உதவ முடியாது. திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள், உத்தியோகத்தர் கேட்பார். பிள்ளை சாட்சியின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றில் ஏற்க 1999 ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தது எதற்காக? அதே வேதனையைப் பிள்ளை பத்து இடத்தில் சொல்லி அழக் கூடாது என்பதற்காக. சந்தியிலும் கோயில் வீதியிலும் இந்தச் செய்தியைப் பரப்பாதீர்கள். மானம் பிள்ளைக்கும் உண்டு.

நல்லெண்ணத்தால் விளையும் ஒரு கேட்டையும் சொல்லிவிடுகிறோம். அன்று மாலையே அந்தத் தகப்பனிடம் போய், "பிள்ளை இப்படிச் சொல்லுகிறான், கொஞ்சம் பார்த்து நடவுங்கோ" என்று புத்தி சொல்லிவிட்டு வருவோர் உளர். அவர்கள் படலையைத் தாண்டியதும் பிள்ளைக்கு விழும் அடியை அவர்கள் காண்பதில்லை. முதலில் பிள்ளைக்குப் பாதுகாப்பு, புத்திமதி பிறகு. அவ்வாறே, உடல் தீண்டிய குற்றத்தை ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்த்து வைப்பதும் ஆகாது. அது சமாதானமன்று, குற்றவாளிக்குக் கொடுக்கும் அனுமதி.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். கொடுமை செய்யும் தாய் தகப்பன்மார் எல்லோரும் இரணியகசிபுகள் அல்லர். 2009 வரை நீடித்த போரிலே எல்லாவற்றையும் இழந்து இரவில் உறங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். கடனில் மூழ்கினவர்கள் இருக்கிறார்கள். குடியில் வீழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். தாமும் அடிபட்டு வளர்ந்து, அடிப்பதைத் தவிர வேறு வழி அறியாதவர்கள் இருக்கிறார்கள். இவை காரணங்கள், நியாயங்கள் ஆகா. கோபத்தை அடக்க முடியவில்லை, குடியை நிறுத்த முடியவில்லை என்று கண்டால், வைத்தியசாலை மனநலப் பகுதிக்குப் போவதில் வெட்கமில்லை. 1926 என்ற இலக்கம் பெற்றோருக்கும் உரியதே.

நமது மன்றம் என்ன செய்யலாம்? பெரிய திட்டங்கள் வேண்டா. மன்ற அறிவித்தற் பலகையில் 1929, 119, 1926, 1990 ஆகிய நான்கு இலக்கங்களையும் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிடுவோம். நமது பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை ஆண்டுக்கொருமுறை அழைத்துப் பேச வைப்போம். முகம் தெரிந்த உத்தியோகத்தரிடம் போகப் பிள்ளை தயங்காது. அறநெறி வகுப்பு நடத்தும் ஆசிரியர் ஒவ்வொருவரும், பிள்ளை வந்து சொன்னால் அடுத்து என்ன செய்வது என்பதை அறிந்திருக்கட்டும். அந்த ஆசிரியரைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். பிள்ளைகளோடு பழகும் இடத்தை நாடிக் கெட்டவர்களும் வருவதுண்டு. ஆகையால் எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையையும் தனியறையில் வைத்துக் கற்பிக்கலாகாது என்பதை மன்றத்தின் விதியாகவே எழுதிவிடுவோம்.

பிரகலாதன் கதையின் முடிவை இங்கே நினைவூட்டுவது பொருந்தும். நரசிங்கப் பெருமான், "என்ன வரம் வேண்டும்?" என்று கேட்டபோது, தன் தந்தையின் பாவம் நீங்கி அவன் தூய்மையடைய வேண்டும் என்றே அந்தப் பிள்ளை வேண்டினான். கொடுமைக்கு அவன் தலை வணங்கவில்லை. ஆயினும் தகப்பனை வெறுக்கவுமில்லை. உதவி கேட்கும் பிள்ளை பெற்றோருக்குப் பகையாகிவிடுவதில்லை. பல வேளைகளில், அந்த வீடு மறுபடி வீடாவதற்கு முதல் அடி எடுத்து வைப்பது அந்தப் பிள்ளைதான்.

இம்மண்டபத்தில் அப்படி ஒரு பிள்ளை இருக்குமாயின், அதற்கு நாம் சொல்லுவது இவ்வளவே: நீ சொல்லலாம். நாங்கள் கேட்போம். பெரியோர்களே, அந்த வாக்கை நம் எல்லோர் சார்பிலும் இன்று கொடுத்திருக்கிறோம். அதைக் காப்பாற்ற எல்லாம் வல்ல இறைவன் நமக்குத் துணிவைத் தந்தருள்வானாக.